ஒன்பது நாள் முந்திய பிறந்தநாள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி மையத்திலிருந்து போன் செய்தார்கள். இருபத்தாறு வருடம் அங்கே குடிநோய் ஆலோசகராக உட்கார்ந்திருந்தபோது என் நாலு வார்த்தையை மாதாந்திரக் கூட்டத்தில்கூட யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே நான் அனுபவசாலி ஆகிவிட்டேன். சரி, கேட்டுவிட்டார்கள். வெற்றிக் கதைகள் வேண்டுமென்றால் மையத்தின் ஆண்டு மலரைப் புரட்டிக்கொள்ளுங்கள், அதில் தோற்றவர் ஒருவர்கூடக் கிடையாது. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்நாளில் குடித்ததில்லை. இருமல் மருந்தைக்கூட மூடியில் அளந்து குடிக்கிற குடும்பம் எங்களுடையது. குடியை விடுவது எப்படி என்று அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா? சரணாகதி பற்றி இரண்டு நாள் பயிலரங்குக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, லேமினேஷன் செய்து, என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். சரணடைவதில் நான் முறையாகத் தேறியவள் என்பது வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமல்லவா.

நம் தொழிலின் பாடங்கள் எல்லாமே தலைகீழானவை என்பதை இதற்குள் கவனித்திருப்பீர்கள். தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்பவன்தான் மீள்கிறான். என்னால் முடியும் என்று மார்தட்டுகிறவன் அடுத்த மாதம் திரும்பி வருகிறான். தன் நிதானத்தை அடுத்தவனுக்குக் கொடுத்தால்தான் அது தன்னிடம் தங்குகிறது. இதையெல்லாம் நான் வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன். உங்களைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் உங்களை ஒப்படையுங்கள் என்பேன். முருகன் என்பார் ஒருவர், புத்தர் என்பார் இன்னொருவர். ஒருவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, என் பொண்டாட்டி என்றார். மறுக்க முடியவில்லை, எழுதிக்கொண்டேன்.

நான் சொல்லப்போவது நடந்த வருடம் பிரசன்னா என்றொருவர் மூன்றாவது முறையாக வந்து சேர்ந்தார். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை, முப்பத்துநாலு வயது, நம் ஹெப்பகோடி மையத்தின் ஜமுக்காளத்தில் உட்காரும்போதுகூட ஏதோ இன்டர்வியூ எடுக்க வந்தவர் போல உட்காருவார். குழுக் கூட்டத்தில் நான் என் வாய்ப்பாட்டை ஆரம்பித்ததும் கையைத் தூக்குவார்.

"மேடம், தோத்தாத்தான் ஜெயிக்க முடியும்னா இதுல லாஜிக் எங்க இருக்கு? இது கம்ப்யூட்டர் கோடா இருந்தா கம்பைலே ஆகாது."

அவருடைய கேஸ் ஷீட்டில் 'எதிர்ப்பு மனநிலை' என்று குறித்துவிட்டேன். நமக்கு விடை தெரியாத கேள்வியை நோயாளி கேட்டால் அப்படித்தான் குறிக்க வேண்டும். நீங்களும் சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள்.

அப்போது மையத்தின் நட்சத்திரம் முனிரத்தினம். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர், பீன்யாவில் லேத் ஆபரேட்டர். வந்து சேர்ந்தபோது வயிறு வீங்கி, கால் வீங்கி, தன் பெயரையே இரண்டு தடவை யோசித்துச் சொன்னார். இன்னொரு சுற்றுக் குடித்தால் ஈரல் தாங்காது, ஆள் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் அவரிடமும் அவர் மனைவி கஸ்தூரியிடமும் நேராகவே சொன்னார். முனிரத்தினம் நிறுத்தினார். அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பீன்யாவிலிருந்து ஊரையே குறுக்கே கடந்து வந்து, புதிதாகச் சேர்ந்தவர்களைக் குளிப்பாட்டிவிடுவார். நடுங்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் இப்பிடித்தான் நடுங்கினேன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய ஆலோசனை. நான் ஒரு மணி நேரம் பேசிச் செய்யாததை அது செய்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருக்கிற ஒன்றைக் கண்டால் நம்மால் சும்மா இருக்க முடியுமா? அவருக்குப் பேச்சுத் திறமை இருப்பதைக் கண்டுபிடித்தேன். வளர்த்தேன். "இன்னைக்கு ஒரு நாளு குடிக்காம கீறேன்" என்று ஆரம்பிப்பது அவர் வழக்கம். அது சற்று மந்தமாக இருக்கிறது, 'மதுவை வென்றேன்' என்று ஆரம்பித்தால் எடுப்பாக இருக்கும் என்று நான்தான் திருத்திக் கொடுத்தேன். அவரும் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல மனப்பாடம் செய்துகொண்டார்.

குடியை விட்டு ஒரு வருடம் முடிந்தால் அதைப் பிறந்தநாள் என்று கொண்டாடுவது நம் வழக்கம். கேக் உண்டு, மெடல் உண்டு, பாட்டும் உண்டு. முனிரத்தினத்தின் முதல் பிறந்தநாளுக்கு ஒன்பது நாள் முன்னதாக மையத்தின் ஆண்டு விழா வந்தது. நன்கொடையாளர்கள் எல்லாரும் வரும் நாள் அது. டைரக்டர் காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒன்பது நாள்தானே மேடம், சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

கொஞ்சம்தானே என்று நானும் தலையாட்டினேன். இன்று ஒரு நாள், இன்று மட்டும் என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்குகிற கூட்டம் நாம். அப்படிப்பட்ட நாங்கள் ஒரு மனிதர் இன்னும் வாழாத ஒன்பது நாட்களை அவர் கணக்கில் சேர்த்து அழைப்பிதழ் அடித்தோம். வேறெந்தத் தொழில் செய்கிறவருக்கும் இப்படி ஒரு தவறு செய்ய வாய்ப்பே கிடைக்காது.

விழா நாளன்று காலை பத்தேகால் இருக்கும். சமையலறைப் பக்கம் நின்று கேக் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் புது வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார்.

"மேடம், ஒரு நிமிசம்."

"சட்டை நல்லா இருக்கு ரத்தினம். பேச்செல்லாம் ஞாபகம் இருக்குதானே?"

"நேத்து குடிச்சுட்டேன் மேடம்."

அவரே தொடர்ந்தார். "கம்பெனில பசங்கல்லாம் ஒரு வருசம் ஆயிடுச்சாமேன்னு கை குடுத்தானுங்க. இன்னும் ஒம்போது நாளு கீதுடான்னு சொல்லலாம்னு பாத்தேன். பத்திரிகையே அடிச்சுட்டாங்களே, இன்னான்னு சொல்றது? அதான் ஜெயிச்சாச்சேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. ஒரு குவார்ட்டரோட நிறுத்திட்டேன். உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் சீக்கிரமா வந்தேன்."

கவனியுங்கள். யாரும் கேட்காமல், யாரும் பிடிக்காமல், தானே வந்து உண்மையைச் சொல்கிறார். அத்தனை வருடமாக இந்த ஒன்றுக்காகத்தான் ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு பெரிய கார் வந்து நின்றது. "மேடம், சீஃப் கெஸ்ட் வந்துட்டாங்க" என்று டைரக்டர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

நான் சொன்னேன்: "இன்னைக்கு எப்படியாவது சமாளிச்சிடுங்க ரத்தினம். நாளைக்கு உக்காந்து பேசலாம்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி மேடம், டீ குடிச்சுட்டு வரேன்" என்று கேட்டைத் தாண்டிப் போனார். உண்மையைச் சொல்ல வந்த மனிதருக்கு மறுநாள் அப்பாயின்ட்மென்ட் கொடுத்து அனுப்பிவிட்டு நான் பூங்கொத்தோடு வாசலுக்கு ஓடினேன்.

பேச்சு பிரமாதம். மதுவை வென்றேன் என்று ஆரம்பித்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினார், நடுவில் அழுதார், சரியான இடத்தில் நிறுத்தினார். சோபாவில் இருந்தவர்கள் டிஷ்யூ பேப்பர் தேடினார்கள். மெடலை அவர் கழுத்தில் மாட்டியது நான்தான். மாட்டும்போது வாயிலிருந்து ஏலக்காய் வாசனை வந்தது. மேடையேறுகிறோமே என்று ஏலக்காய் மென்றுகொண்டு வந்திருக்கிறார், எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று நினைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் குடிகாரர்களோடு பழகிய நிபுணர் நான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று நோயாளிகளை மேடைக்கு அடியிலேயே ஜமுக்காளத்தில் உட்கார வைத்திருந்தோம். முனிரத்தினம் இறங்கிப் போய் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார். பிரசன்னாவுக்கு அன்று குடிக்காத பதினோராவது நாள். முனிரத்தினம் அவரைக் கட்டிக்கொண்டபோது அவர் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். ஆகா, நம் நிகழ்ச்சி ஒருவழியாக இவரையும் தொட்டுவிட்டது என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் முனிரத்தினம் வரவில்லை. போனும் அணைந்திருந்தது. பிரசன்னாவோ ஆளே மாறிப்போனார். கேள்வி கேட்பதில்லை, தன் படுக்கையைத் தானே மடித்தார், புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். எல்லாம் அந்தப் பேச்சு செய்த வேலை என்று நம்பினேன். பொய்யாக இருந்தாலும் ஒருவருக்கு நல்லது செய்ததே என்று ஆறுதலும் பட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் கஸ்தூரி போன் செய்தார்.

"மேடம், நீங்க குடுத்த மெடல கழுத்துல போட்டுக்கினே குடிக்கிறாரு. கண்ணெல்லாம் மஞ்சளாயிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேன்றாரு. அக்கம்பக்கத்துல நாலு பேர வெச்சித் தூக்கலாம்னு பாத்தேன், கைல கெடச்சத எடுத்து அடிக்க வராரு." சற்று நிறுத்தி மூச்சு வாங்கினார். "ஒம்போது நாளு பொறுக்க முடில இல்ல உங்களுக்கு?"

அன்றே கிளம்பிப் பீன்யா போனேன். டிராஃபிக்கில் இரண்டரை மணி நேரம். அதற்குள் மூன்று விதமான அறிவுரை தயார் செய்துவிட்டேன். ஒற்றை அறை வீடு, முனிரத்தினம் பாயில் படுத்திருந்தார். முதல் அறிவுரையின் முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க கெளம்புங்க மேடம். நீங்க குந்தினு இருந்தா நான் நல்லா பேசணும்னு தோணுது."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை. கஸ்தூரி தெருமுனை வரை வந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பெண்ணின் குரலில். "வேற யாரும் இல்லையா மேடம், அங்க?" என்று மட்டும் கேட்டார். திரும்பும் வழியெல்லாம் எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அந்த மனிதர் சாகப்போகிறார், என் விழாவால் சாகப்போகிறார் என்று தெளிவாகத் தெரிந்தது.

மறுபடியும் குடியில் விழுந்தவரைப் போய்ப் பார்த்து அழைத்து வர, குடியை விட்டு ஒரு வருடமாவது ஆனவரைத்தான் அனுப்ப வேண்டும் என்பது மையத்தின் விதி. நல்ல விதி. அப்போது அந்தத் தகுதிக்குப் பக்கத்திலாவது வந்திருந்த ஒரே ஆள் முனிரத்தினம்தான். மறுநாள் காலை டைரக்டரிடம் போய், நடுங்குகிறவர் பக்கத்தில் உட்காரத் தெரிந்த பிரசன்னாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"பதினேழு நாள் ஆளையா? ரெண்டு பேரையும் சேர்த்துத் தொலைச்சிட்டு வருவீங்க."

அவர் சொன்னது தவறென்று இன்றும் சொல்ல மாட்டேன். ஏதாவது நடந்தால் என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வேலை அதைவிடக் கஷ்டம். பிரசன்னாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சை நம்பி எழுந்து நிற்கிறவர், அது பொய் என்று தெரிந்தால் அங்கேயே சரிந்துவிட மாட்டாரா?

"பிரசன்னா, அன்னைக்கு முனிரத்தினம் பேசினது உண்மை இல்ல. முந்தின நாள் குடிச்சிருந்தார். என்கிட்ட சொன்னார். தெரிஞ்சேதான் மேடை ஏத்தினேன்."

"முந்தின நாள் மட்டும் இல்ல மேடம், அன்னைக்கும்தான். ஏலக்காய்க்கு அடியில ரம் வந்தது. கீழ உக்காந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்."

"ஏன் யாருமே சொல்லல?"

"நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க."

அந்த ஹாலில் ஏமாந்தவர்கள் நன்கொடையாளர்கள், டைரக்டர், நான். படித்தவர்கள் அத்தனை பேரும்.

"அப்புறம் எப்படி நீங்க மாறினீங்க?" என்றேன்.

"அதனாலதான் மேடம். வில் பவர் இல்லாதவங்கதான் இங்க வராங்க, நான் புத்திசாலி, ஒரு வழி கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சுட்டு இருந்தேன். வாரா வாரம் வந்து எங்களக் குளிப்பாட்டினவர் அவர். அவராலயே தனியா முடியலைன்னா நான் எந்த மூலைக்கு? சரி, என்னால முடியாதுன்னு அன்னைக்குத்தான் தோணிச்சு. தோணினதும் என்னமோ ரிலீஃபா இருந்தது. இப்பவும் லாஜிக் புரியல."

எனக்கும் புரியவில்லை. கேஸ் ஷீட்டில் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

பீன்யாவுக்குப் போகும் வழியெல்லாம் பிரசன்னா கார் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் போனதும் பாய்க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் கை நடுங்குவது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

"அண்ணா, எனக்கு இன்னைக்குப் பதினேழாம் நாள். தூக்கமே இல்ல. வர வழியில எத்தனை பார் இருக்குன்னு எண்ணிட்டே வந்தேன். பயமா இருக்கு. பதினேழாம் நாள் நீங்க என்ன பண்ணீங்க?"

இதை ஒரு உத்தி என்று நினைத்து நான் உள்ளுக்குள் பாராட்டிக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டபோது, உத்தியெல்லாம் இல்லை மேடம், நிஜமாகவே பயந்துபோயிருந்தேன் என்றார்.

முனிரத்தினம் மெல்லத் திரும்பினார். "நானே குடிச்சுக்கினு கீறேன் சார். என்னப் போய்க் கேக்குறீங்களே."

"வேற யாரக் கேக்குறது? அங்க இருக்கிற யாருக்கும் தெரியாது."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார், ஆனால் சரியாகத்தான் சொன்னார். பிறகு முனிரத்தினம் குழறலாக ஆரம்பித்தார். "வெல்லத் தண்ணி குடிங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சு. ஒண்டியா குந்தாதீங்க. ஒண்டியா குந்தினா..." அங்கே நின்றுவிட்டார். அந்த ஒற்றை அறையை, தன் பக்கத்திலிருந்த பாட்டிலை, ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு பிரசன்னாவின் நடுங்குகிற கையைப் பார்த்தார். அடுத்து என் பக்கம் திரும்பிய பார்வையில் அனல் இருந்தது.

"பதினேழு நாளு ஆளு மேடம் இந்தத் தம்பி! இவரப் போய் ஊரெல்லாம் இஸ்துக்கினு வந்திருக்கீங்களே, புத்தி இருக்கா உங்களுக்கு?"

டைரக்டர் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை காதில் தேனாக இருந்தது.

"ஒடம்பு ஒரு மாதிரி இருக்குண்ணா" என்றார் பிரசன்னா. "ஆஸ்பத்திரில காட்டலாம்னு பாக்குறேன். தனியா போகப் பயமா இருக்கு. நீங்க வரீங்களா?"

முனிரத்தினம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கஸ்தூரி சட்டையை எடுத்து வந்து மாட்டி, பொத்தான் போட்டுவிட்டார்.

முனிரத்தினம் பிழைத்தாரா என்று தவிக்க வேண்டாம், பிழைத்தார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்றும் இருக்கிறார், பிரசன்னாவும் இருக்கிறார். எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்காதீர்கள், நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். உங்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். யாராவது உண்மையைச் சொல்ல வரும்போது வாசலில் யார் கார் நின்றாலும் நிற்கட்டும். உங்களால் முடியாதபோது, உங்களைவிடப் பலசாலியைத் தேடாதீர்கள். முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள். அதற்காகப் பதினேழு நாள் ஆட்களையெல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு அலையாதீர்கள், எனக்கு அன்று வாய்த்தது அதிர்ஷ்டம். இதையெல்லாம் பயிலரங்கில் சொல்லித் தருகிறார்கள், சான்றிதழும் தருகிறார்கள். எனக்கு உள்ளே இறங்கியது அன்று பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில்தான்.

"யாரு பேஷண்டு?" என்று கவுண்டரில் இருந்த நர்ஸ் கேட்டார்.

முனிரத்தினத்தின் கண் எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அவர் மேல் அடித்த வாடையில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். பிரசன்னாவின் தோளில் முழு எடையையும் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தவர், எல்லாருக்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"இந்தத் தம்பிதான் சிஸ்டர். பதினேழு நாளுதான் ஆவுது, ஒண்டியா விடக்கூடாது. நான் கூட வந்தவன்."

நர்ஸ் என்னைப் பார்த்தார். திருத்துவதற்கு நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பிரசன்னா, "ஆமா சிஸ்டர், இவர்தான் என்னைக் கூட்டிட்டு வந்தார்" என்றார். குரலில் கேலியே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருவருக்கும் சீட்டு எழுதினார்.